கணப்பும் புகைபோக்கியும்

வடக்கே படிக்க வந்த நமக்குக் குளிரும் ஓர் ஆசிரியர்தான். சிம்லாவிலும் முசூரியிலும், ஏன், நம் உதகையிலுங்கூட, ஆங்கிலேயர் காலத்துப் பங்களாக்களில் சுவரோடு சேர்த்துச் செங்கல்லால் கட்டிய கணப்பு மாடங்களைப் பலர் கண்டிருப்பீர்கள். "அதற்குள் ஒரு காஸ் அடுப்பை வைத்துவிட்டால் விறகுத் தொல்லை தீருமே!" என்று நண்பர்கள் சிலர் என்னிடம் கேட்டதுண்டு. கட்டடப் பொறியியல் பயிலும் மாணவன் என்ற முறையில் விடை கூற முயல்கிறேன்.

திறந்த கணப்பில் எழும் வெப்பத்தின் பெரும்பகுதி புகைபோக்கி வழியே வானுக்குப் போய்விடுகிறது. இக்குறையைக் கண்ட ரம்ஃபோர்டு பிரபு, புகைபோக்கியின் தொண்டையைக் குறுக்கும் முறையை 1796-இல் எழுதி வெளியிட்டார். 1952 டிசம்பரில் இலண்டனை மூடிய நச்சுப் பனிப்புகை ஆயிரக்கணக்கானோரை மாய்த்தது. 1956-இல் தூய காற்றுச் சட்டம் பிறந்தது. அங்கே வீடுகள் பல, கரியை விட்டு வாயுவுக்கு மாறின.

ஆனால், விறகுக்காகக் கட்டிய புகைபோக்கி வாயுவுக்கு அப்படியே பொருந்தாது. ஏன்? ஒரு கிலோ சமையல் வாயு எரிந்தால் ஒன்றரைக் கிலோவுக்கு மேல் நீராவி உண்டாகிறது. அகன்ற, குளிர்ந்த செங்கற் குழாயில் அந்த ஆவி நீராகிச் சாந்தை அரிக்கிறது. கழிவு வாயுவும் சூடு தணிந்து மேலேறும் வலிமையை இழந்து, அறைக்கே திரும்பக்கூடும்.

ஆகவே முதலில் கரியையும் படிவையும் சுரண்டி, வெடிப்புகளைச் சோதிப்பர். புகைபோக்கியின் உச்சியிலிருந்து மாடம் வரை குறுகிய உலோகக் குழாயை இறக்குவர். கண்ணாடி முகப்புள்ள வாயுக் கணப்புப் பெட்டியை அதனோடு பொருத்துவர். சிறந்த அமைப்பில் குழாய்கள் இரண்டு: ஒன்று வெளிக்காற்றைப் பெட்டிக்குள் கொணரும், மற்றது கழிவை வெளியேற்றும். அறைக் காற்றை நெருப்பு தொடுவதேயில்லை. வாயு இணைப்பைப் பயின்றவரே செய்தல் வேண்டும்; எளிதில் எட்டும் இடத்தில் அடைப்பு வால்வும் இருத்தல் வேண்டும்.

வெறும் அடுப்பை மாடத்தில் வைப்பது இவற்றில் எதையும் செய்வதில்லை. பழைய புகைபோக்கிகள் பலவற்றின் உச்சி அடைக்கப்பட்டிருக்கும். பறவைக் கூடும் இருக்கலாம். காற்றுப் போதாமல் எரியும் எந்த நெருப்பும் கார்பன் மோனாக்சைடை உண்டாக்கும். அதற்கு நிறமில்லை, மணமில்லை. அது இரத்தத்தோடு கலந்து பிராணவாயுவின் இடத்தைப் பறிக்கிறது. தலைவலியும் மயக்கமும் வரும். உறங்குபவன் அவற்றை உணரான். மூடிய அறையில் இரவு முழுதும் அங்கீட்டி மூட்டி உறங்கியவர்கள் விடியலில் எழாத செய்தி, குளிர்காலந்தோறும் இவ்வட நாட்டில் வருகிறது.

நண்பர்களே, புகை போகும் வழி தெரியாத இடத்தில் நெருப்பு மூட்டாதீர்கள். நல்ல ரஜாய் ஒன்று போதும். குளிர் நம்மை ஒன்றும் செய்யாது.