நூற்றுக்கு எத்தனை? எந்த நூற்றுக்கு?

"நூற்றுக்கு அறுபது பேர் நம்மவர்" என்று மேடையில் ஒருவர் முழங்கினால் கரகோஷம் வானைப் பிளக்கிறது. எந்த நூற்றுக்கு என்று வினவுவோர் மிகச் சிலரே. ஜனநாயகத்தில் எல்லைகளை வகுப்பதும் உரிமைகளைப் பங்கிடுவதும் இலக்கங்களே. ஆதலின் அவ்வினாவை அலட்சியம் செய்யலாகாது. அதன் அருமையைத் திருத்தணிகை நன்கறியும்.

1953 அக்டோபர் 1-ஆம் தேதி ஆந்திர ராஜ்யம் உதயமானபோது, சித்தூர் ஜில்லாவுடன் திருத்தணியும் அதில் சேர்ந்தது. திரு. ம. பொ. சிவஞானம், மங்கலங்கிழார், திருத்தணி கே. விநாயகம் முதலியோர் வடக்கெல்லைக்காகப் போராடினர். பின்னர் திரு. படாஸ்கர் மத்தியஸ்தம் செய்தார். கிராமமே அலகு, 1951-ஆம் வருஷத்துக் குடிமதிப்பில் கண்ட மொழிப் பெரும்பான்மையும், நிலத் தொடர்ச்சியுமே அளவுகோல் என்று ஏற்கப்பட்டது. 1959-இல் சட்டம் பிறந்தது. 1960 ஏப்ரல் 1-ஆம் தேதி திருத்தணி சென்னை ராஜ்யத்தை வந்தடைந்தது. சத்தியவேடு பகுதி ஆந்திரத்துக்குச் சென்றது.

இவ்வளவுகோலின் சூட்சுமத்தை ஒரு கற்பனைக் கணக்கால் விளக்குவோம். முதற் கிராமத்தில் தமிழர் 600, தெலுங்கர் 400. இரண்டாவதில் தமிழர் 40, தெலுங்கர் 160. முதற் கிராமத்தாரில் நூற்றுக்கு 60 பேர் தமிழர். ஆனால் தெலுங்கர் 560 பேரில் நூற்றுக்கு 71 பேர் அதே கிராமத்தில் வாழ்கின்றனர். இரண்டும் மெய்யே. எனினும் பிந்தியதைக் காட்டி அக்கிராமம் தெலுங்குக் கிராமம் என்று வாதிடுவது புரட்டு. இரு கிராமங்களையும் ஒன்றாகக் கூட்டினால் தமிழர் நூற்றுக்கு 53. இரண்டும் தமிழகத்துக்கே உரியன ஆகும். கிராமத்தை அலகாக்கினால் இரண்டாவது தெலுங்கர்பாற் செல்லும். அலகு மாறினால் தீர்ப்பும் மாறுகிறது.

"இன்ன கிராமத்தார் எனில், தமிழராயிருக்கும் வாய்ப்பு என்ன?" என்பதைக் கணித நூலார் நிபந்தனை நிகழ்தகவு என்பர். எவரும் விலையின்றிப் பெறக்கூடிய 'ஆர்' என்னும் புள்ளியியல் மென்பொருள் இதனை இமைப்பொழுதில் கணித்துப் பட்டைப் படமாகவும் தீட்டித் தரும். கிராமங்களை நிரைகளாகவும் மொழிகளை நிரல்களாகவும் இட்டு, 'பிராப் டேபிள்' என்னும் கட்டளையுடன் 1 என்று எழுதினால் ஒவ்வொரு கிராமமும் ஒரு முழுமையாகும். 2 என்று எழுதினால் ஒவ்வொரு மொழியும் முழுமையாகும். ஓர் இலக்கம் மாறினால் கேள்வியே மாறிவிடும்.

அபாயம் அத்துடன் முடியவில்லை. படம் வரையும் 'பார்பிளாட்' கட்டளை நிரையைப் பட்டையாக்குவதில்லை, நிரலையே பட்டையாக்கும். மேற்கண்ட கிராம விகிதங்களை அப்படியே அதனிடம் கொடுத்தால், தமிழ்ப் பட்டை 0.8 உயரமும் தெலுங்குப் பட்டை 1.2 உயரமும் நிற்கும். பெரும்பான்மையோரான தமிழர் சிறுபான்மையோராய்த் தோன்றுவர்! அட்டவணையை நிரை நிரல் மாற்றிக் கொடுத்தல் வேண்டும். அப்பொழுது கிராமத்துக்கொரு பட்டை எழும். யாவும் ஒரே உயரமாய் 1-இல் முடியும். முடியாவிடில் படம் பிழையென்று கொள்க.

சம உயரத்துக்கும் ஒரு குறை உண்டு. ஆயிரம் பேர் வாழும் கிராமமும் இருநூறு பேர் வாழும் கிராமமும் அதில் ஒன்றுபோலவே தோன்றும். ஆகவே பட்டையின் அடியில் மொத்த ஜனத்தொகையைப் பொறிப்பதோ, அதற்கேற்பப் பட்டையின் அகலத்தைக் கூட்டிக் குறைப்பதோ நேர்மையாளர் கடமை.

இது பழங்கதையன்று. 2027 மார்ச் 1-ஐ ஆதாரத் தேதியாகக் கொண்டு, ஜாதிக் கணக்குடன் குடிமதிப்பு எடுக்கப்படுமென மத்திய சர்க்கார் 2025-இல் அறிவித்தது. "பட்டதாரிகளில் இவ்வகுப்பார் எத்தனை பேர்?" என்பது ஒரு கேள்வி, "இவ்வகுப்பாரில் பட்டதாரிகள் எத்தனை பேர்?" என்பது வேறு கேள்வி. ஒன்றின் விடையை மற்றொன்றின் விடையாகக் காட்டி வாதிடுவோர் எக்கட்சியிலும் தோன்றக்கூடும். பொதுப்பணியில் ஈடுபட்டோர் பட்டையின் உயரத்தைக் கண்டு மயங்காது, அது எதன் பங்கு என்று முதலிற் கேட்கப் பழகுவார்களாக. தம் கட்சிக்குச் சாதகமான படத்தையும் அவ்வாறே சோதிப்பவரின் சொல்லே சபையில் நிற்கும்.