சிறுதேரும் மகிழுந்தும்

நுழையும்முன்

மன்னர்தம் வாளும் முடியும் அருங்காட்சியகங்களில் இடம்பெறுகின்றன. குழந்தை இழுத்து விளையாடிய வண்டியும், தொழிலாளி பழுதுபார்த்து ஓட்டிய ஊர்தியும் வரலாறு ஆகுமா? வைகைக் கரையில் தொடங்கிக் கோவை வரை செல்லும் இப்பாடம் அதற்கு விடை தேடுகிறது.

மண் காத்த விளையாட்டு

மதுரைக்குத் தென்கிழக்கே ஏறத்தாழ 12 கி.மீ. தொலைவில், தென்னந்தோப்புகள் சூழ்ந்த சமவெளியில் உள்ளது கீழடி. அங்குக் கிடைத்த தொல்பொருள்களுக்கென, செட்டிநாட்டுக் கட்டடப் பாணியில் எழுப்பப்பட்ட அருங்காட்சியகம் 2023 மார்ச் 5 அன்று திறக்கப்பட்டது. பொன் அணிகலன்களையும் எழுத்துப் பொறித்த பானையோடுகளையும் கண்டு வியக்கும் நாம், ஆட்டக்காய்களையும் வட்டச் சில்லுகளையும் விரைந்து கடந்துவிடுகிறோம். உடைந்த பானையின் ஓட்டைத் தேய்த்து வட்டமாக்கியதே சில்லு. பயனற்றதிலிருந்து விளையாட்டைப் படைத்த மனம் அதில் தெரிகிறது.

மரப்பொருள்கள் மண்ணில் எளிதில் மட்கிவிடும். அவற்றை இலக்கியம் காத்தது. சிறுவர் உருட்டிய மூன்று சக்கரச் சிறுதேரைப் பட்டினப்பாலை காட்டுகிறது. ஆண்பாற் பிள்ளைத்தமிழின் நிறைவுப் பருவமும் சிறுதேரே. நம் வீட்டு நடைவண்டிக்கும் மூன்று சக்கரங்களே. அம்பாசமுத்திரத்து மரச்செப்புகளும் இம்மரபின. கடைசல் பொறியில் மரம் சுழலும்போது வண்ண அரக்கை அதன்மீது அழுத்துவர்; உராய்வின் வெப்பத்தில் அரக்கு உருகி மரத்தோடு ஒன்றும்.

மூன்று சக்கர ஊர்தி

ஜெர்மனியின் கார்ல் பென்ஸ் 1886இல் காப்புரிமை பெற்ற மோட்டார் ஊர்திக்கும் மூன்று சக்கரங்களே இருந்தன. வண்டி வளைவில் திரும்பும்போது உட்புறச் சக்கரம் வெளிப்புறச் சக்கரத்தைவிடக் கூடுதலாகத் திரும்ப வேண்டும். முன்சக்கரங்கள் இரண்டையும் அவ்வாறு திருப்பும் நிறைவான அமைப்பு பென்சுக்கு அப்போது கைகூடவில்லை. ஆகவே முன்புறம் ஒற்றைச் சக்கரத்தைப் பொருத்தினார்.

தமிழகத்தில் டி.வி. சுந்தரம் ஐயங்கார் 1912இல் தஞ்சாவூருக்கும் புதுக்கோட்டைக்கும் இடையே பேருந்தை இயக்கினார். ஜி.டி. நாயுடு இளமையில் உணவு விடுதியில் பணியாற்றிச் சேர்த்த பணத்தில் மோட்டார் சைக்கிள் ஒன்றை வாங்கி, அதனைப் பிரித்துப் பூட்டிக் கற்றார். 1920இல் பொள்ளாச்சிக்கும் பழனிக்கும் இடையே தாமே பேருந்து ஓட்டினார். அவர் நினைவைப் போற்றும் கோவையில் ஜி.டி. மகிழுந்து அருங்காட்சியகம் 2015இல் திறக்கப்பட்டது. பல நாடுகளின் பழைய மகிழுந்துகள் அங்கு அணிவகுத்து நிற்கின்றன.

தெரிந்து தெளிவோம்

இரண்டாம் உலகப்போரின்போது பெட்ரோல் தட்டுப்பாடு நிலவியதால், பேருந்துகள் கரியால் ஓடின. உலையில் குறைந்த காற்றில் கரியை எரித்தால் கார்பன் மோனாக்சைடு மிகுந்த வாயு கிடைக்கும். அதனைத் தூய்மையாக்கி இயந்திரத்துள் செலுத்தினர்.

காத்தலின் அருமை

ஓடாமல் நிற்கும் ஊர்தியும் தேயும். ரப்பர் இறுகும், எரிபொருள் பிசினாகிக் குழாயை அடைக்கும், இரும்பு துருவேறும். உற்பத்தி நின்றுபோன ஊர்திக்கு உதிரி உறுப்பு கடையில் கிடைக்காது. தேய்ந்த உறுப்பை அளந்து, கடைசல் பொறியில் புதிதாக ஆக்கித்தரும் பட்டறைத் தொழிலாளியே அதற்கு உயிரளிப்பவர். செப்புக் கடைந்த கையும் பொறியுறுப்புக் கடைந்த கையும் அறிவால் உறவினவே. அக்கைகள் ஓய்ந்தால் ஊர்தி இருக்கும். அதனை இயக்கும் அறிவு இராது.

தச்சன் செய்த சிறுவண்டியில் ஏறிச்செல்ல இயலாவிடினும், அதனைக் கையால் இழுத்து மகிழும் சிறுவரைக் குறுந்தொகை காட்டுகிறது. அருங்காட்சியக ஊர்தியிலும் நாம் ஏறிச்செல்வதில்லை. எனினும் அதனைக் கண்டு, அதன் காலத்திற்குச் சென்று மீள்கிறோம்.

அகழாய்வில் ஒரு பொருளின் காலத்தை அறிய, அது கிடைத்த மண்ணடுக்கு துணைபுரிகிறது. வீட்டுப் பரணில் கிடக்கும் நடைவண்டிக்கு மண்ணடுக்கு இல்லை. பாட்டியின் நினைவே அதன் அடுக்கு. அந்நினைவு மறைந்தபின் எஞ்சுவது வெறும் மரமே. ஆகவே, மாணவர்களே! பழைய பொருளை எடைக்குப் போடுமுன் வீட்டுப் பெரியோரிடம் மூன்று வினாக்களைக் கேளுங்கள்: இதனைச் செய்தவர் யார்? எப்போது வந்தது? யார் யார் விளையாடினர்? விடைகளை எழுதி அப்பொருளோடு சேர்த்து வையுங்கள். அன்றே உங்கள் இல்லத்தில் ஓர் அருங்காட்சியகம் தொடங்கிவிடும்.