பேனா எடுத்தபின் கேமரா!

மரக்காணம் பக்கத்தில் இருக்கிறது கந்தாடு. அந்த ஊரின் ஊராட்சி ஒன்றியத் தொடக்கப்பள்ளி 2017-ல் செய்திகளில் இடம்பிடித்தது. ஆசிரியை அன்னபூர்ணா மோகன் தன் நகைகளைக் கொடுத்து வகுப்பறையை நவீனமாக்கியிருந்தார். பிள்ளைகள் ஆங்கிலத்தில் பேசுவதை வீடியோ எடுத்து அவர் ஃபேஸ்புக்கில் போட, பார்த்தவர்கள் உதவ முன்வந்தார்கள்.

ஆசிரியர் எடுக்கும் வீடியோவிலேயே இவ்வளவு பலன் என்றால், பிள்ளைகளே எழுதி எடுத்தால்?

கட்டுரை நோட்டைப் படிப்பவர் ஆசிரியர் ஒருவர்தான். வீடியோவையோ அம்மா, அப்பா, தாத்தா எல்லோரும் பார்ப்பார்கள். நாலு பேர் பார்க்கப்போகிறார்கள் என்று தெரிந்தால், பிள்ளை தான் எழுதியதைத் தானே திருத்தும்.

மரக்காணம் உப்பளத்தைப் பற்றி இரண்டு நிமிட வீடியோ எடுப்பதாக வைத்துக்கொள்வோம். உப்புத் தொழிலாளியிடம் என்ன கேட்பது? பாத்தியில் தண்ணீர் விடுவது, வெயிலில் அது வற்றுவது, உப்பை வாருவது... எதை முதலில் காட்டுவது? மழைக்காலத்தில் வேலை நின்றுபோவதை எங்கே சொல்வது? இதையெல்லாம் தாளில் எழுதாமல் போனால், திரும்பி வரும்போது போனில் துண்டு துண்டாகக் காட்சிகள்தான் இருக்கும். பின்னணிக் குரலுக்கு ஏறக்குறைய 200 வார்த்தைகள் எழுதவேண்டும். சத்தமாகப் படித்துப் பார்த்தால், எந்த வாக்கியம் நீளம் என்று மூச்சே சொல்லிவிடும். எடிட்டிங்கும் எழுத்து வேலைதான். தேவையில்லாத காட்சியை வெட்டுவது, தேவையில்லாத வரியை அடிப்பது மாதிரி.

எழுத்துப்பிழைக்குப் பயந்து நோட்டை மூடிவைக்கும் பிள்ளைக்கும் இதில் இடமுண்டு. அது சொல்லச் சொல்ல, தோழி எழுதலாம். பிறகு அந்த வரிகளை அதுவே வாசிக்கலாம். தான் சொன்னது எழுத்தாக நிற்பதைப் பார்த்துவிட்டால் பயம் குறையும்.

ஒரு எச்சரிக்கை. பெற்றோர் சம்மதமில்லாமல் எந்தப் பிள்ளையின் முகத்தையும் இணையத்தில் போடக்கூடாது. கைகளும் குரலும் மட்டுமே போதும். வீடியோ நன்றாகவே வரும்.

தமிழக அரசுப் பள்ளிகளில் 2022 முதல் சிறார் திரைப்படங்கள் திரையிடப்படுகின்றன. படம் பார்த்து விமர்சனம் எழுதப் பழகும் பிள்ளைகளுக்கு, படம் எடுக்க எழுதுவது அடுத்த படி.

வீட்டிலேயே தொடங்கலாம். பாட்டி வடாம் பிழிவதை வீடியோ எடுக்கப் பிள்ளை போன் கேட்கிறதா? "முதல்ல ஒரு பக்கம் எழுதிட்டு வா கண்ணு, அப்புறம் தர்றேன்" என்று சொல்லிப் பாருங்கள்.