மரக்காளானின் அடிப்புறம்

நியூஜெர்சியின் வெஸ்ட் வின்ட்சரில் மெர்சர் கவுன்டி பார்க்கின் மரங்களுக்கிடையே நடப்பவர்கள், விழுந்த கட்டைகளில் வண்ணப் பட்டைகளோடு விசிறிபோல் அடுக்கடுக்காக நிற்கும் காளான்களைப் பார்த்திருப்பார்கள். பலரும் ‘டர்க்கி டெயில்’ என்று சொல்லிவிட்டு நகர்ந்துவிடுவார்கள். அது டர்க்கி டெயில்தானா என்பது மேற்புறத்தை மட்டும் பார்த்தால் தெரியாது. வித்துகள் உதிரும் அடிப்புறத்தைப் பார்க்க வேண்டும்.

குனிந்து கைலென்ஸைப் பிடியுங்கள். வெளுத்த பரப்பில், ஒரு மில்லிமீட்டருக்குள் மூன்று நான்கு அடங்கும் நுண்துளைகள் தெரிந்தால் அது பெரும்பாலும் டிராமெட்டிஸ் வெர்சிகலர், அசல் டர்க்கி டெயில். துளையே இல்லாமல் வழவழவென்று இருந்தால் ஸ்டீரியம், உறவுமுறையில் வெகுதூரம். துளைகள் பற்கள்போல் கிழிந்து, விளிம்பில் ஊதா படர்ந்திருந்தால் டிரிகாப்டம் பைஃபார்மே. வயதானால் அந்த ஊதா மங்கிவிடும்; பற்கள் மட்டும் அப்படியே இருக்கும்.

வெளியே தெரிவது காய்ப்பு மட்டுமே. காளானின் உடல் மெல்லிய இழைகளாக மரத்துக்குள் பரவியிருக்கிறது. மரத்துக்கு வலு தரும் செல்லுலோஸ், லிக்னின் இரண்டில் லிக்னினைச் சிதைக்க வெகுசில உயிர்களால்தான் முடியும். டிராமெட்டிஸ் இரண்டையும் தின்னும். கட்டை வெளுத்து நார்நாராகிவிடும். இது வெள்ளை மக்கல். ஓக் மரங்களில் ஆரஞ்சும் மஞ்சளுமாகக் காய்க்கும் ‘சிக்கன் ஆஃப் தி வுட்ஸ்’ என்ற காளான் லிக்னினைப் பெரும்பாலும் விட்டுவிடும். மரம் பழுப்பேறி, கட்டம் கட்டமாக வெடித்து, கையில் நொறுங்கும். இது பழுப்பு மக்கல். காளான் காய்க்காத நாளிலும் உள்ளே நடப்பது எந்த வகை மக்கல் என்பதை உடைந்த கட்டையே சொல்லிவிடும்.

காளான்களைக் கணக்கெடுக்க அவற்றைப் பறிக்க வேண்டியதில்லை. மேற்புறம், அடிப்புறம், மரத்தில் ஒட்டியிருக்கும் இடம் மூன்றையும் படமெடுங்கள். எந்த மரம், நிற்கிறதா விழுந்ததா, எந்த வகை மக்கல், என்ன தேதி என்பதையும் குறியுங்கள். மரத்தின் பெயர் இல்லாத படத்துக்குப் பாதி மதிப்புதான்.

இந்தக் குறிப்புகளுக்கு இப்போது தேவை அதிகம். 2014இல் நியூஜெர்சியில் முதன்முதலாகக் கண்டறியப்பட்ட எமரால்டு ஆஷ் போரர் என்ற வண்டு, ஆஷ் மரங்களை வரிசையாகக் கொன்றுவருகிறது. அவற்றில் எந்தக் காளான் முதலில் குடியேறியது, பிறகு எது அதன் இடத்தைப் பிடித்தது என்பது, ஒரே மரத்தை ஆண்டுதோறும் போய்ப் பார்ப்பவருக்குத்தான் தெரியும். டர்க்கி டெயில் போன்றவை குளிர்காலத்திலும் மரத்திலேயே ஒட்டிக்கொண்டிருக்கும் என்பதால், இலையுதிர்ந்த டிசம்பரில்கூட இந்த வேலையைத் தொடங்கலாம்.