பூட்டிய அறையும் பதினெட்டு வயதும்

கதவு உள்பக்கம் தாழிட்டிருக்கிறது. ஜன்னலில் இரும்புக் கம்பி. உள்ளேயிருந்து ஒரு பெண்ணின் அலறல், துப்பாக்கிச் சத்தம். பக்கத்து ஆய்வுக்கூடத்தில் இருந்த அப்பாவும் பழைய வேலைக்காரரும் கதவை உடைத்துப் பார்த்தால், அவள் ரத்தக் காயத்தோடு கிடக்கிறாள். சுவரில் ரத்தக் கை பதிந்திருக்கிறது. கை வைத்த ஆளைத்தான் காணோம்.

காஸ்தோன் லெரூ 1907-இல் பிரெஞ்சுப் பத்திரிகையில் தொடராக எழுதிய 'மஞ்சள் அறையின் மர்மம்' நாவலின் முடிச்சு இது. அதை அவிழ்க்க வரும் நிருபர் ரூல்தபீய்க்கு வயது பதினெட்டு. 1954 வரை பிரெஞ்சு ஆட்சியில் இருந்த புதுச்சேரியில், 1827 முதல் இயங்கும் ரோமன் ரோலண்ட் நூலகத்தில் தமிழும் ஆங்கிலமும் பிரெஞ்சும் ஒரே கூரையின் கீழ் இருக்கின்றன. பிளஸ் டூ பிள்ளைகளுக்கு ரூல்தபீயை அறிமுகப்படுத்த இதைவிடப் பொருத்தமான தமிழ் ஊர் கிடையாது.

அந்த வயதில் கொலைக்கதை ஏன் இப்படிப் பிடித்து இழுக்கிறது? ஒன்றும் தெரியாத விஷயத்தில் நமக்கு ஆர்வம் எழாது. கொஞ்சம் தெரிந்து மீதி தெரியாதபோதுதான் மனம் அரிக்கும் என்றார் நடத்தைப் பொருளியல் அறிஞர் ஜார்ஜ் லோவன்ஸ்டைன், 1994-இல். வாரப் பத்திரிகைகளில் வந்த சுஜாதாவின் கணேஷ் வசந்த் துப்பறியும் கதைகளில் 'தொடரும்' போட்ட இடத்தில் வாசகர்கள் ஒரு வாரம் தவித்ததும் அதனால்தான்.

ஆனால் பதின்வயதுக்கென்று தனிக் காரணம் ஒன்று இருப்பதாக நினைக்கிறேன். லண்டனில் மூளை ஆய்வாளர் சாரா ஜேன் பிளேக்மோர் குழுவினர் 2010-இல் வெளியிட்ட சோதனையைப் பாருங்கள். கட்டம் கட்டமாக ஓர் அலமாரி. சில கட்டங்களுக்குப் பின்பக்கம் அடைப்பு உண்டு. அதனால் அலமாரிக்குப் பின்னால் நிற்பவருக்கு எல்லாப் பொருளும் தெரியாது. அவர் "சின்னப் பந்தை நகர்த்து" என்றால், உங்கள் கண்ணில் படுவதிலேயே சின்னதை விட்டுவிட்டு, அவருக்குத் தெரிபவற்றில் சின்னதைத் தேட வேண்டும். எளிதாகத் தோன்றும், பெரியவர்களே நிறையத் தடுமாறினார்கள். பதினாலிலிருந்து பதினேழு வரை உள்ளவர்கள் அவர்களைவிட அதிகம் தவறினார்கள். அடுத்தவர் நின்ற இடத்தில் நின்று பார்க்கும் திறன் அந்த வயதிலும் வளர்ந்துகொண்டேதான் இருக்கிறது.

துப்பறியும் கதை வாசகரிடம் கேட்பதும் இதே கணக்குத்தான். யாருக்கு எது தெரியும், எப்போது தெரிந்தது, தெரியாத மாதிரி நடிப்பவர் யார்? ஆகவே இந்த நாவல்களைப் பொழுதுபோக்கு என்று பிள்ளைகள் கையிலிருந்து பிடுங்குவது எனக்கு வருத்தம் தருகிறது.

முடிவைச் சொல்லிவிட்டால் எல்லாம் போச்சு என்று பயப்படவும் வேண்டியதில்லை. கலிபோர்னியாவில் லெவிட், கிறிஸ்டன்ஃபெல்ட் என்ற இரு உளவியல் ஆய்வாளர்கள் 2011-இல் மாணவர்களிடம் சிறுகதைகளைக் கொடுத்துப் பார்த்தார்கள். மர்மக் கதைகளில்கூட, முடிவு தெரிந்து படித்தவர்களே சராசரியாகக் கூடுதலாக ரசித்தார்கள். குற்றவாளி யாரென்று தெரிந்துகொண்டு படிக்கும்போது, அவன் ஒவ்வொரு பேச்சிலும் எதை மறைக்கிறான் என்பது முதல் பக்கத்திலிருந்தே கண்ணில் படுகிறது.