கல்வயலும் நகரமும்

நியூசிலாந்தின் பெருநகராகிய ஒக்லாந்தின் தென்பால், மனுக்காவு என்னும் கடற்கழியின் கரையில், இஹுமாத்தாவோ என்னும் சிறு நிலப்பகுதி உளது. மாவோரி மக்கள் ஏறக்குறைய எழுநூறு ஆண்டுகளுக்கு முன்னரே அங்குக் குடியேறிப் பயிர் செய்தனர். அவர்கள் கடல் கடந்து கொணர்ந்த வற்றாளைக் கிழங்கு வெப்பநாட்டுப் பயிர். குளிர்மிக்க அம்மண்ணில் எளிதில் வாழாதது. எரிமலை உமிழ்ந்த கருங்கற்களைப் பொறுக்கி வரம்புகளாகவும் குவியல்களாகவும் அவர்கள் அடுக்கினர். பகலில் வெயிலை உண்ட கற்கள் இரவில் அவ்வெப்பத்தை மெல்ல வெளிவிட, மண் சூடேறிக் கிழங்கு விளைந்தது. ஆங்குக் கல் பயிருக்குத் தடையன்று, துணையே. ஒக்லாந்தைச் சூழப் பரந்து கிடந்த இத்தகைய கல்வயல்களுள் மிகச் சிறு பகுதியே இன்று எஞ்சியுள்ளது.

பத்தொன்பதாம் நூற்றாண்டின் நடுப்பகுதியில், புதிதாய் எழுந்த ஒக்லாந்து நகருக்குத் தானியமும் காய்கறியும் அளித்து வந்தோருள் இப்பகுதி மாவோரிகளும் அடங்குவர். எனினும் 1863 ஆம் ஆண்டு சூலை மாதத்தில், அரசிக்கு விசுவாசப் பிரமாணஞ் செய்க, அன்றேல் தெற்கே வைகாத்தோவுக்கு அகல்க என ஆளுநர் கிறே கட்டளையிட்டார். மக்கள் நீங்கினர், காணி பறிமுதலாகிக் குடியேற்றக்காரர் கைக்குப் போயிற்று. நகரை ஊட்டியவரே நகர் வளர்ச்சிக்கு முதற்பலியாயினர். பின்னர்த் திரும்பி வந்தோர்க்குத் தம் முன்னோர் நிலத்தின் சிறு துண்டே கிடைத்தது.

இருபதாம் நூற்றாண்டில் வீதிகளுக்குக் கல் வேண்டி எரிமலைக் குன்றுகள் அகழப்பட்டன. 1960இல் நகரின் கழிவுநீரைத் தூய்மையாக்கும் குளங்கள் கழியினுள் அமைந்து, மக்களின் மீன்பிடிக்கும் சிப்பி பொறுக்கலுக்கும் கேடு விளைத்தன. அவை அந்நூற்றாண்டு முடியும் காலத்திலேயே அகற்றப்படலாயின. 1966இல் விமான நிலையமும் அயலில் எழுந்தது. 2001இல் 100 ஹெக்டேயர் அளவான ஓத்துவாத்தாவுவா கல்வயல்கள் வரலாற்றுக் காப்பகமாயின. அதனை ஒட்டிய ஏறத்தாழ 32 ஹெக்டேயர் மட்டும், தனியார் உடைமையாதலால், எல்லைக்கு வெளியே நின்றது.

இந்நிலத்தையே 2014இல் அரசாங்கம் விசேட வீடமைப்புப் பகுதியாக்கியது. வீட்டுப்பஞ்சத்தைத் தீர்க்க இயற்றப்பட்ட அச்சட்டத்தின்கீழ்ப் பொதுமக்கள் தம் எதிர்ப்பைத் தெரிவிக்கும் வாய்ப்புக் குறுகியது. 2016இல் பிளெச்சர் நிறுவனம் காணியை வாங்கி 480 வீடுகள் கட்ட முனைந்தது. தொல்பொருட் சட்டம் நிலத்தைப் புள்ளிகளாகவே நோக்கும்: இங்கொரு குழி, அங்கொரு வரம்பு, புள்ளியைத் தவிர்த்துக் கட்டினால் குற்றமில்லை. மாவோரிகளுக்கோ குன்றும், வயலும், ஊரும், கழியும், முன்னோரைப் புதைத்த இடமும் ஒன்றே. 2018இல் சுற்றாடல் நீதிமன்று எதிர்ப்பாளரின் முறையீட்டை ஏற்கவில்லை.

வழக்கின் கடுமை அயலவரோடு மட்டும் நிற்கவில்லை. தனியார் காணியை ஒப்பந்த இழப்பீட்டில் சேர்க்கும் வழக்கம் இல்லாமையால், வேறு வழியில்லை எனக் கண்ட குலப் பெரியோர் சிலர் நிறுவனத்தோடு பேசி, காணியின் நாற்கூற்றில் ஒரு கூற்றையும் தம்மவர்க்கு 40 வீடுகளையும் பெறும் உடன்பாட்டுக்கு வந்தனர். வீடற்ற உறவினரை மனத்திற்கொண்ட அம்முடிவை எளிதில் பழித்தல் தகாது. இளைய தலைமுறையினரோ அதனை ஏற்காது காணியிலேயே தங்கினர்.

2019 சூலையில் வெளியேற்றக் கட்டளை வரவே, நாட்டின் பல பகுதிகளிலிருந்தும் ஆயிரக்கணக்கானோர் திரண்டனர். தீர்வு காணும்வரை கட்டடவேலை நிகழாதெனப் பிரதமர் ஆடேண் அறிவித்தார். 2020 திசெம்பரில் அரசாங்கம் 2 கோடியே 99 இலட்சம் நியூசிலாந்து டொலருக்குக் காணியை வாங்கியது. அச்செலவுக்குப் பாராளுமன்றத்தின் முறையான அங்கீகாரம் பெறப்படவில்லை என 2021இல் கணக்காய்வாளர் நாயகம் சுட்டிக்காட்டியதும் குறிப்பிடத்தக்கது. கொள்வனவு வீடமைப்புச் சட்டத்தின்கீழ் நடந்தமையால், வீடு என்னும் வினா முற்றாக அகலவில்லை. அந்நிலத்தில் தொடர்ந்து வாழ்ந்த குலத்தாரும், மாவோரி அரச இயக்கத்தாரும், அரசாங்கத்தாரும் ஒருங்கிருக்கும் குழுவிடமே, வயலாய் எவ்வளவு நிற்பது, வீடாய் எவ்வளவு எழுவது என்பதை ஆராயும் பொறுப்பு ஒப்படைக்கப்பட்டது.