"வயது போனால் அப்படித்தான்" என்று விட்டுவிடலாமா?

பிரஷருக்கும் சீனி வருத்தத்துக்கும் மாதாந்த மருந்து எடுக்க வரும் முதியவர்களால் வன்னியின் ஆஸ்பத்திரி வாங்குகள் கிளினிக் நாட்களில் நிறைந்திருக்கும். அம்மாவுடன் போகும்போதெல்லாம் நான் அங்கே கேட்பவை: "நித்திரை இல்லை", "உடம்பு முழுக்க உளைவு", "நெஞ்சுக்குள்ள என்னவோ செய்யுது". "எனக்கு மனச்சோர்வு" என்று ஒருவரும் சொல்லிக் கேட்டதில்லை.

முதுமையில் மனச்சோர்வு பெரும்பாலும் உடல் வழியாகவே வெளிப்படும். அழுகை தெரியாது, களைப்பு, நோ, பசியின்மை, விடியுமுன்பே முழிப்பு என்றுதான் வரும். சிலருக்கு மறதியும் கூடும். மருந்தை ஒழுங்காக எடுக்கும் மனமும் போய்விடுவதால் சீனியும் பிரஷரும் கட்டுக்குள் நிற்காது.

வன்னியில் காரணம் தேடத் தேவையில்லை. 2009இல் முள்ளிவாய்க்காலைக் கடந்து செட்டிகுளம் மெனிக் பாம் முகாமில் அடைபட்ட பெற்றோர் இன்று முதியவர்கள். பிள்ளை இருக்கிறாரா, இல்லையா என்றே தெரியாதவர்களும் இவர்களுள் உள்ளனர். கிளிநொச்சி கந்தசுவாமி கோவிலடியில் 2017 பெப்ரவரி 20இல் தொடங்கிய காணாமலாக்கப்பட்டோரின் உறவுகளின் போராட்டத்தில் இருந்த பலர், பதில் கிடைக்காமலே இறந்துவிட்டனர். அந்தியேட்டிகூடச் செய்ய முடியாத இழப்பு அது. வன்னி மக்களின் உளக்காயத்தை முழுச் சமூகத்தின் காயமாகப் பார்க்க வேண்டும் என்று உளமருத்துவர் தயா சோமசுந்தரம் எழுதியிருப்பதும் இதனால்தான்.

ஆனால், கவலைக்கு நியாயமான காரணம் இருக்கிறது என்பதற்காக வைத்தியம் வேண்டாம் என்றாகிவிடாது.

கண்டறிவதற்கு முதலில் இரண்டு கேள்விகள் போதும். கடந்த இரண்டு வாரங்களில் மனம் சோர்ந்து, நம்பிக்கையற்று இருந்தீர்களா? வழமையாகச் செய்யும் காரியங்களில் விருப்பம் குறைந்துவிட்டதா? பல நாடுகளின் ஆரம்ப சிகிச்சை நிலையங்களில் இவற்றைத்தான் கேட்கிறார்கள். "ஓம்" என்றால் டொக்டர் மேலும் விசாரிப்பார். இரத்தச்சோகை, தைரொயிட் குறைபாடு உள்ளதா என்றும் பார்ப்பார்.

ஆறுதலான பேச்சு, ஆட்களின் துணை, தேவையானால் மருந்து என்பனவே சிகிச்சை. மருந்து வேலைசெய்யச் சில வாரங்கள் எடுக்கும். இடையில் தாமாக நிறுத்தக் கூடாது. நித்திரைக் குளிசை மட்டும் இதற்கு வைத்தியமாகாது.

"செத்தால் காணும்" என்று ஒருவர் சொன்னால், அதை வயதானவர்களின் வழமையான பேச்சாக எடுக்காதீர்கள். அன்றைக்கே வைத்தியசாலைக்குக் கூட்டிச்செல்லுங்கள். தேசிய மனநல நிறுவனத்தின் 1926 என்ற இலக்கத்திலும் பேசலாம்.

அடுத்த கிளினிக்கில் உங்கள் அம்மாவோ அப்புவோ நித்திரை இல்லை என்று மட்டும் சொல்லுவார். கோயிலுக்குப் போவதை விட்டுவிட்டார், கோழிக்குத் தீன் போடவும் எழும்புவதில்லை என்பதை டொக்டரிடம் நீங்கள்தான் சொல்ல வேண்டும்.